பூட்டன் பேர் தேடிப் புறப்படுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வேர் உள்ள குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. நம்மில் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் முதலெழுத்தாகிவிடும், அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். அதனால் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஊர் பெயரும் நிலத்தின் சர்வே எண்ணும் கையில் இருந்தால் நூறு வருடம் பின்னால் போக முடியும்.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுப் பரணிலிருந்து. பத்திரங்கள், வீட்டு வரி ரசீது, பழைய ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையில் “இன்னார் பௌத்திரனும் இன்னார் புத்திரனுமான” என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் இருக்கும். மொய் நோட்டை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை, ஆனால் உறவுமுறைகளை அதைவிட நேர்மையாகச் சொல்லும் காகிதம் வீட்டில் வேறில்லை. எந்த ஊரிலிருந்து யார் வந்தார், யார் எவ்வளவு செய்தார் என்று வரிசையாக இருக்கும். பெரிய தொகை எழுதியவர்களையும் தாய்மாமன் வரிசையில் வந்தவர்களையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டியின் பிறந்த வீடு அங்கேதான் இருக்கும்.

உறவினர் வீட்டுக் காகிதத்தை “படித்துவிட்டுத் தருகிறேன்” என்று எடுத்துவரக் கூடாது. அங்கேயே, பகல் வெளிச்சத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். புகைப்படங்களின் பின்பக்கத்தை மறக்க வேண்டாம். ஸ்டூடியோ முத்திரையும் ஊர் பெயரும் அங்கே இருக்கும்.

வெளிநாட்டில் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்களே, நமக்கு அது கிடைக்குமா?

கிடைக்காது. இந்தியக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய படிவங்கள் பொதுப் பார்வைக்கு வருவதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடுக்கிறது. ஊர்வாரி, மாவட்டவாரித் தொகைகள் மட்டுமே நூலாக வந்துள்ளன. இதைத் தேடி மாதங்களை வீணாக்காதீர்கள். ஓரளவுக்கு அந்த இடத்தை நிரப்புவது வாக்காளர் பட்டியல். வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், வயது மூன்றும் அதில் இருக்கும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், ஐந்து வருடம் முன்பின் இருக்கலாம்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

“உங்க தாத்தா பேர் என்ன?” என்று பட்டியல் போட்டுக் கேட்டால் நாலாவது கேள்வியில் அலுத்துவிடுவார்கள். சடங்கைப் பிடித்துக் கேளுங்கள். பாட்டனாருக்குக் கொள்ளி வைத்தது யார்? நெய்ப்பந்தம் பிடித்த பேரன்கள் யார் யார்? கோடித் துணி எந்த ஊரிலிருந்து வந்தது? காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்த மாமன் யார்? இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உறவுக்காரருக்கே உரிய கடமை என்பதால், விடை வந்ததும் உறவு தானாகவே தெளிவாகிவிடும். நெய்ப்பந்தம் பிடித்தவர்களைச் சொல்லிவிட்டால் இறந்தவருடைய பேரப்பிள்ளைகளின் பட்டியல் கிட்டத்தட்ட முடிந்தது.

இன்னொரு வழி, அவர்கள் வளர்ந்த வீட்டை ஒரு தாளில் வரையச் சொல்வது. திண்ணை, முற்றம், அடுப்படி என்று போட்டுக்கொண்டே வரும்போது எந்த அறையில் யார் படுத்தார்கள் என்று கேளுங்கள். பட்டியலில் ஒருபோதும் வராத விதவை அத்தைகளும், சிறுவயதில் இறந்த குழந்தைகளும் இப்படித்தான் வெளியே வருவார்கள்.

ஒருமுறைக்கு முக்கால் மணி நேரம் போதும். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பேசுபவரின் பெயரையும் தேதியையும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒரே கேள்வியை இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால் புதிதாக ஏதாவது வரும். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் இந்த வாரமே போங்கள். காகிதம் காத்திருக்கும்.

உறவுமுறைச் சொற்களால் குழப்பம் வருகிறதே?

வரத்தான் செய்யும். “அத்தை” என்றால் அப்பாவின் தங்கையாகவும் இருக்கலாம், மாமன் மனைவியாகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். முறைப்பெண் கல்யாணம் நடந்த வீட்டில் மூன்றும் ஒரே ஆளாகவே இருக்கலாம். “பெரியப்பா” அப்பாவின் உடன்பிறந்த அண்ணனா, பங்காளி வீட்டு அண்ணனா என்பதும் அந்தச் சொல்லில் தெரியாது. அதனால் முறைப்பெயரை எழுதிக்கொண்டு அடுத்த கேள்வியாக “அவரைப் பெற்றவர்கள் யார்?” என்று கேட்டேயாக வேண்டும். கூப்பிடும் பெயரையும் பத்திரப் பெயரையும் தனித்தனியாகக் குறியுங்கள். “இன்னார் என்கிற இன்னார்” என்று பத்திரத்தில் வந்தால் அது பெரும் பரிசு.

“விரோதி வருஷம் தை மாசம் பிறந்தவள்” என்கிறார்கள். ஆங்கில வருடம் எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ் வருடங்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. அதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் விரோதி 23ஆவது. எனவே 1889, 1949, 2009. ஆனால் தை மாதம் என்றதால் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டு ஆகிவிடும், 1890 அல்லது 1950. மார்கழி நடு முதல் பங்குனிக் கடைசி வரை இந்த ஒரு வருடப் பிழை எல்லோருக்கும் நேர்கிறது.

எந்தச் சுற்று என்பதைப் பெரிய நிகழ்ச்சிகளை வைத்து முடிவு செய்யலாம். தாது வருடப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர். “புயலுக்கு முன்னாடி கல்யாணமா, பின்னாடியா?” என்று கேட்டாலே சுற்று தெளிவாகும்.

நில ஆவணங்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு வரும். அது ஜூலை 1இல் தொடங்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் பக்கமும் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ம், அதற்குப் பிறகு 825ம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய ஜாதகம் இருக்கிறது, வருடம் கிழிந்துபோயிருக்கிறது. பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். ராசிக் கட்டத்தில் சனியும் குருவும் நிற்கும் இடத்தைப் பாருங்கள். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய 29½ ஆண்டு, குருவுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நூற்றாண்டில் மிகச் சில வருடங்களே பொருந்தும். ஆனால் 60 ஆண்டு கழித்து இரண்டுமே கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதால் இவற்றை மட்டும் வைத்துச் சுற்றைப் பிரிக்க முடியாது. அங்கே உதவுவது ராகு. அதன் சுற்று 18 ஆண்டும் சில மாதங்களும் என்பதால் 60 ஆண்டில் ஏறக்குறைய மூன்று கட்டம் தள்ளி நிற்கும். மாதத்தைச் சூரியன் சொல்லும், நாளைச் சந்திரனும் நட்சத்திரமும் சொல்லும். பழைய பஞ்சாங்கமோ ஜாதகக் கணிப்பு மென்பொருளோ வைத்துச் சரிபார்க்கலாம்.

ஓலையாக இருந்தால் எண்ணெய் பூசவோ ஒட்டுத்தாள் ஒட்டவோ வேண்டாம். பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுத்தால் கீறல் எழுத்து தெரியும்.

பத்திரங்களை வைத்து எப்படிப் பின்னால் போவது?

இந்தப் பகுதிதான் முதுகெலும்பு. நிலம் துளிகூட இல்லாத குடும்பத்துக்கும் ஒரு வீட்டுமனைப் பத்திரம், ஓர் அடமானப் பத்திரம், சாட்சிக் கையெழுத்து எங்காவது இருக்கும்.

முதலில் இன்றைய பட்டா, சிட்டாவை எடுத்துச் சர்வே எண்ணைக் குறியுங்கள். 1980களில் நடந்த யுடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. அதனால் அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகச் சொல்லும் பதிவேடு) பழைய எண் எது, புதிய எண் எது என்று பார்க்காமல் முன்னால் போகக் கூடாது. பலருடைய தேடல் முடங்குவது இந்த இடத்தில்தான். புதிய எண்ணை வைத்துப் பழைய புத்தகத்தில் தேடிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று திரும்பிவிடுகிறார்கள். யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும், அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணயப்) பதிவேட்டையும் கேட்டுப் பெற்றால் ஒரே நிலத்தின் பட்டாதாரர்கள் தலைமுறை வாரியாகக் கிடைப்பார்கள். 1980 வரை இந்தக் கணக்குகள் கிராமக் கர்ணத்தின் வீட்டில் இருந்தவை. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிந்தபோது கைமாறியதில் சில ஊர்களின் நோட்டுகள் காணாமல் போயின. தாலுகா அலுவலகத்தில் இல்லையென்றால் மாவட்ட ஆவண அறையில் மனு கொடுங்கள்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். அண்மைக் கால வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் தளத்திலேயே பார்க்கலாம். ஏறக்குறைய 1975க்கு முந்தையதற்குப் பெரும்பாலும் அலுவலகத்தில் நேரில் தேடுதல் மனு போட வேண்டும். மனுவில் ஊர், பழைய சர்வே எண், தேட வேண்டிய வருடங்கள் மூன்றும் இருக்க வேண்டும். கட்டணம் வருடக் கணக்கில் வரும் என்பதால் பத்துப் பத்து வருடமாகக் கேட்பது நல்லது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 1ஆம் புத்தகத்தில் அசையாச் சொத்து ஆவணங்களும் 3ஆம் புத்தகத்தில் உயில்களும் இருக்கின்றன. 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். அதன் முதல் அட்டவணை ஆள் பெயர் வாரியாகவும், இரண்டாவது சொத்து வாரியாகவும் உள்ளது. உயிலை எழுதியவர் இறந்த பிறகு யாரும் நகல் கேட்கலாம், இறப்புச் சான்றை மட்டும் கூடவே கொண்டுபோங்கள்.

எல்லாப் பத்திரமும் ஒரே மதிப்புடையதல்ல. கிரையப் பத்திரத்தில் தந்தை பெயர் வரை வரும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் மூன்று தலைமுறை ஒரே மூச்சில் எழுதியிருக்கும், ஏனென்றால் சொத்து எப்படி வந்தது என்று சொல்லாமல் அதைப் பிரிக்க முடியாது. சிவில் வழக்கு நடந்திருந்தால் இன்னும் நல்லது. வாதப் பத்திரத்தோடு வம்ச விருட்சம் இணைக்கப்பட்டிருக்கும், தீர்ப்பில் அது சரியா தவறா என்றும் அலசியிருப்பார்கள். குடும்பச் சண்டை பெரியவர்களுக்குத் தலைகுனிவாக இருக்கலாம், ஆனால் தேடுகிறவருக்கு அந்தக் கட்டுதான் பொக்கிஷம்.

இனாம் நிலமாக, அதாவது மானியமாக விட்ட நிலமாக இருந்தால் இனாம் ஃபேர் பதிவேடு என்று கேளுங்கள். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதியது. முதலில் மானியம் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், இருவருக்கும் உள்ள உறவு என்று பத்தி பத்தியாக இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

அலுவலகத்தில் “எங்கள் எல்லையில் இல்லை” என்கிறார்களே?

ஊர் நகர்வதில்லை, எல்லைகள் நகர்கின்றன. ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் 1985இல் பிரிந்தன. தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது. உங்கள் தாத்தா பத்திரம் எழுதிய நாளில் அந்த ஊர் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். பழைய பத்திரத்தின் முத்திரையிலேயே அது இருக்கும். கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் அங்கே மலையாள ஆவணங்களும் வரும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் முறையாகப் பதிவாயின. பழைய ஆண்டுகளின் படிகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகத்தின் இணையதளத்தில் உள்ளன.

பழைய பத்திரத்தின் எழுத்தே புரியவில்லை.

குறிகளை முதலில் பழகுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௯௰௨ என்றால் 1892. புள்ளி வைக்காத மெய்யெழுத்தும், ர எழுத்தா துணைக்காலா என்று தெரியாத கோடும் கண்ணைக் குழப்பும். அதே பத்திரத்தில் தெரிந்த ஊர் பெயரை அந்தக் கை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த உருவங்களை வைத்து மற்றதைப் படியுங்கள். பாரியாள் என்றால் மனைவி, சுவீகார புத்திரன் என்றால் தத்துப்பிள்ளை, ஒத்தி என்றால் அனுபவத்தோடு கூடிய அடமானம். எழுதிக் கொடுத்தவரை விட்டுவிட்டாலும் சாட்சிகளை விடாதீர்கள், பங்காளியும் மைத்துனனும் அங்கேதான் கையெழுத்துப் போடுவார்கள்.

பாட்டிகளின் பெயர் எங்குமே இல்லையே?

இந்தத் தேடலில் மனம் கனக்கும் இடம் இதுதான். பழைய ஆவணங்கள் “இன்னார் சம்சாரம்” என்று முடித்துக்கொள்ளும். ஆனாலும் வழி உண்டு. கணவர் இறந்து பிள்ளைகள் மைனராக இருந்தால் தாய்தான் கார்டியனாக எழுதிக் கொடுப்பார், அந்தப் பத்திரத்தில் பெயர் இருக்கும். ஜீவனாம்சத்துக்கு விட்ட நிலத்தின் பத்திரத்திலும், பிறந்த வீட்டார் எழுதிய தான செட்டில்மென்டிலும் பாருங்கள், பின்னதில் அவருடைய தந்தை பெயரும் சேர்ந்து வரும். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மகள்கள் பெயர் தெரியத் தொடங்குகிறது. 1989இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு வந்தபின், சகோதரிகள் எல்லோரும் வரிசையாகக் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரங்கள் பெருகின. கணவர் பெயர், வயது, விலாசம் அத்தனையும் அவற்றில் கிடைக்கும்.

பிறப்பு, இறப்புப் பதிவுகளில் தேடும்போது என்ன தவறு நேர்கிறது?

குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடுவதுதான் பெரிய தவறு. பழைய பதிவுகளில் பெயர்ப் பத்தி வெறுமையாகவே இருக்கும், “ஆண்” அல்லது “பெண்” என்று மட்டும் எழுதியிருக்கும். தந்தை பெயரையும் ஊரையும் கொடுத்து, நினைத்த வருடத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வருடம் தேடச் சொல்லுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மூத்த பிள்ளையின் பதிவு அம்மாவின் ஊரில் இருக்கும். கிராமப் பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், நகரங்களில் நகராட்சி அல்லது மாநகராட்சியில் கேளுங்கள்.

பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை நம்பி இதைத் தேடாதீர்கள். ஜூனில் சேர்க்க ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்று தலைமையாசிரியரே மே, ஜூன் தேதி ஒன்றைப் போட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை அல்லது காப்பாளர் பெயரும் தொழிலும் விலாசமும் சரியாக இருக்கும், அதற்காகப் பார்க்கலாம்.

பூர்வீக ஊரே தெரியாது. என்ன செய்வது?

குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஊரை மறந்த குடும்பமும் அதை மறப்பது அரிது. மொட்டை போட எங்கே போனார்கள் என்று கேட்டால் போதும். அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு என்பதால், வரி எழுதிய நோட்டு பங்காளிகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. திருவிழா நாளில் போனால் கணக்கு எழுதுபவர் உட்கார்ந்திருப்பார். நகரத்தார் குடும்பங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்களின் புள்ளிக் கணக்கும் (மணமான குடும்பங்களின் கணக்கு), கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தமும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கத்தோலிக்கப் பழைய பதிவேடு லத்தீனில் இருக்கும், ஞானப் பெற்றோர் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவு.

கடல் கடந்து போன முன்னோர்?

எந்த முறையில் போனார்கள் என்பதைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று எல்லாம் உண்டு. மொரிஷியசில் குடியேறியோர் பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. இரண்டு இடத்திலும் அந்த எண்தான் சாவி. அங்கே பிறந்த பிள்ளைகளின் சான்றிதழில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊர் பெயரை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் வாய்விட்டு உரக்கப் படித்துப் பார்த்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்) வழியாகப் போனவர்களுக்கு அவ்வளவு விரிவான பட்டியல் கிடைப்பது அரிது. தோட்டத்தின் பெயரும் கங்காணியின் ஊரும் தெரிந்தால் போதும், கங்காணி பெரும்பாலும் தன் ஊரையும் சுற்றுவட்டத்தையும் சேர்ந்தவர்களையே அழைத்துப் போனார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களின் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒரே பெயரில் இரண்டு பேர் வருகிறார்களே?

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், பேரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஒருவரே 1880இலும் 1945இலும் பத்திரம் எழுதியதாகத் தெரிந்தால் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் தந்தை பெயரையும் வயதையும் குறித்து, பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுப் பிரியுங்கள். சித்தப்பா பிள்ளைகளுக்கும் அதே பாட்டன் பெயர் இருக்கும் என்பதால் தந்தை பெயர் இல்லாமல் யாரையும் மரத்தில் ஏற்ற வேண்டாம்.

மரபணுச் சோதனை செய்யலாமா?

தொலைந்துபோன கிளையைக் கண்டுபிடிக்க உதவலாம். ஆனால் தலைமுறைகளாக அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டிய குடும்பங்களில் பொதுவான மரபணுப் பகுதி கூடுதலாக இருக்கும். “இரண்டாம் நிலை உறவு” என்று சோதனை சொல்பவர் உண்மையில் இன்னும் தூரத்து உறவாக இருக்கலாம்.

சேர்த்ததை எப்படி வைத்துக்கொள்வது?

ஒவ்வொரு செய்திக்கும் எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். கேள்விப்பட்டதையும் ஆவணத்தில் கண்டதையும் வேறு வேறு மையில் எழுதினால் போதும். கணினியில் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் தமிழ் யூனிகோடை ஏற்கும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள், தந்தை பெயரை அங்கே போட்டால் தலைமுறைக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துவிடும். உறவுக்குள் கல்யாணம் நடந்திருந்தால் அதே ஆளை இரண்டு தடவை உள்ளிடாமல் இரண்டு பக்கமும் இணைக்க வேண்டும்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, தத்து, மறுமணம் போன்றவற்றை அவர்கள் சம்மதமின்றி இணையத்தில் ஏற்றாதீர்கள். மூன்று தலைமுறை சேர்ந்ததுமே, ஓரத்தில் நிறைய வெற்றிடம் விட்டு அச்சடித்து, அடுத்த கல்யாணத்துக்கோ கோயில் கொடைக்கோ ஒரு பேனாவோடு கொண்டுபோங்கள். தவறான பெயரைக் கண்டதும் திருத்தாமல் எந்தப் பெரியப்பாவும் தாளைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்.